தூக்கு, இறக்கு, கையெழுத்துப் போடு

சி.பி. எனப்படும் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு இந்த நாட்டில் உடற்பயிற்சி கிடைப்பதில்லை என்று யாராவது புலம்பினால் நம்பாதீர்கள். கிடைக்கிறது. தினமும், இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே ஒரு சின்னப் பிசகு, பயிற்சி குழந்தைக்குப் போய்ச் சேருவதில்லை. வழியிலேயே அம்மா வாங்கிக்கொண்டுவிடுகிறாள்.

பையனுக்குப் பதினோரு வயது, எடை இருபத்திரண்டு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பாயிலிருந்து தூக்கு. குளியலறைக்குத் தூக்கு. பஸ் நிறுத்தம் வரை இடுப்பில் தூக்கு. டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் கிடையாது. படிக்கட்டு மட்டும் உண்டு, முழங்கால் உயரத்தில். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் பையனை அணைத்து, ஒற்றைக் காலில் மொத்த எடையையும் ஏற்றி உடம்பை மேலே உந்தித் தள்ளுகிற இந்தப் பயிற்சிக்கு ஜிம்மில் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். இங்கே அரசாங்கம் சும்மா தருகிறது. கண்டக்டர் விசில் ஊதி நேரம் வேறு குறித்துக் கொடுக்கிறார்.

இப்படிப் பல வருடம் தேர்ச்சி பெற்ற ஓர் அம்மா முதுகுவலி தாங்காமல் எலும்பு டாக்டரிடம் போனார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "டிஸ்க் தேய்ஞ்சிருக்கும்மா. அஞ்சு கிலோவுக்கு மேல எதையும் தூக்கக்கூடாது" என்றார். "அப்ப மிச்சம் பதினேழு கிலோவை யாரு சார் தூக்குவா?" என்று கேட்டார் அந்த அம்மா. டாக்டர் சிரித்தார், நல்ல மனிதர். பிசியோதெரபி எழுதிக் கொடுத்தார், அம்மாவுக்கு. முதல் மாடியில்.

சரி, நாற்காலி கொடுக்கிறார்களே என்பீர்கள். கொடுக்கிறார்கள். அதற்கு 'உதவி உபகரணங்கள் வழங்கும் விழா' என்று பெயர். பத்து மணிக்கு விழா என்றால் பயனாளிகள் எட்டு மணிக்கே பந்தலில் இருக்க வேண்டும். பயனாளிகள் என்பவர்கள் ஒரே நிலையில் அரைமணி உட்கார்ந்தாலே தசை இறுகி வலியில் துடிக்கிற பிள்ளைகள். சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணிக்கு வருவார். அவருக்குப் பொன்னாடை, வரவேற்புரை, முன்னிலை வகித்தவர்களின் பெயர்ப்பட்டியல். ஒருவர் மைக்கைப் பிடித்து "இவர்கள் கடவுளின் குழந்தைகள்" என்பார். பெற்றவளே எதிரில் உட்கார்ந்து மூத்திரத் துணியை மாற்ற மறைவிடம் தேடிக்கொண்டிருப்பாள். கடவுள் ஒரு நாளாவது வந்து மாற்றிவிட்டால் தேவலை.

பெயர் கூப்பிட்டதும் நாற்காலி உருண்டு வரும். பெரியவர்கள் உட்காரும் மடக்கு நாற்காலி, ஆஸ்பத்திரி வாசலில் நிற்குமே, அது. பதினெட்டு அங்குல அகலத்தில் ரெக்ஸின் தொட்டில். பையனின் இடுப்போ பத்து அங்குலம். உட்கார வைத்ததும் நடுவில் குழிகிறது. முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று மோதிப் பின்னிக்கொள்கின்றன, இடுப்பு ஒரு பக்கமாகத் திருகுகிறது, முதுகு வில்லாக வளைகிறது. பாதம் மிதிபலகைக்கு நாலு விரல் மேலே தொங்குகிறது. தலைக்குத் தாங்கல் கிடையாது, மார்புக்குப் பட்டை கிடையாது. அம்மா துப்பட்டாவை அவிழ்த்து நெஞ்சோடு சேர்த்துக் கட்டுகிறாள். "கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கம்மா" என்கிறார் போட்டோகிராபர். பையன் சிரித்தான். சிரித்தால் அவனுக்குக் கை தானாக வீசும். வீசிய கை விருந்தினரின் பொன்னாடையை உருவிக் கீழே போட்டது. அன்றைய விழாவில் எழுந்த ஒரே நேர்மையான விமர்சனம் அதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த நாற்காலியில் துணி காயும்.

ஏன் இவ்வளவு கோபம், ஏதோ கொடுத்தார்களே என்று சொல்கிற பெரிய மனதுக்காரர்களுக்கு ஒரு தகவல். மூளையில் ஏற்பட்ட காயம் வளர்வதில்லை. ஆனால் உடம்பு வளர்கிறது. எலும்பு நீள்கிற வேகத்துக்கு இறுகிய தசை நீள்வதில்லை. இழுபறியில் தோற்பது பெரும்பாலும் இடுப்பு மூட்டுதான். சி.பி. குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தொடை எலும்பின் தலை கிண்ணத்தை விட்டு நகர ஆரம்பிக்கிறது. நடக்க முடியாத குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம். முற்றினால் உட்காரவும் வலி, படுக்கவும் வலி. தென் ஸ்வீடனில் 1994-இல் ஒரு காரியம் செய்தார்கள். சி.பி. குழந்தை ஒவ்வொன்றையும் பட்டியலில் ஏற்றி, குறித்த காலத்தில் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நகர ஆரம்பித்ததுமே கவனித்தார்கள். இடுப்பு நழுவி வெளியேறுவது அங்கே ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. நாமும் படம் எடுக்கிறோம். மேடையில்.

அளவெடுத்துச் செய்த நாற்காலி வேண்டுமென்றால் சொந்தக் காசில் வாங்க வேண்டும். அங்கேயும் அரசாங்கம் கூடவே வந்து நிற்கும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சக்கர நாற்காலிக்கு 5 சதவீதம் போட்டார்கள். தங்கத்துக்கு 3 சதவீதம். பட்டை தீட்டாத வைரத்துக்குக் கால் சதவீதம். வைரம் பாவம், நடக்க முடியாது என்று இரங்கியிருப்பார்கள். ஆக, 3 சதவீத வரி கட்டி வாங்கிய நகையை விற்று, 5 சதவீத வரி கட்டி நாற்காலி வாங்கு என்பதுதான் ஒரு தேசம் ஒரு தாய்க்குச் சொன்ன நிதி ஆலோசனை.

இந்த ஊரில் எல்லாருக்கும் ஒரு கேள்விதான் தெரியும். "நடந்துடுவானா?" மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், பூக்காரம்மா கேட்பார், அடையாள அட்டைக்கு முத்திரை குத்துகிறவரும் கேட்பார். புரையேறாமல் விழுங்குகிறானா, வலியில்லாமல் தூங்குகிறானா, தனக்கு வேண்டியதைக் கேட்க அவனுக்கு ஒரு வழி இருக்கிறதா என்று கேட்க நாதியில்லை. இரண்டு காலில் நடப்பவர்கள் கட்டிய உலகத்தில் மற்றவை எல்லாம் சில்லறை விஷயம்.

அந்தக் கேள்விக்கு ஓரளவு நேர்மையான பதில் உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழு 1997-இலேயே சி.பி. குழந்தைகளின் அசைவுத் திறனை ஐந்து நிலைகளாக வகுத்துவிட்டது. முதல் நிலைக் குழந்தை ஓடும், மாடி ஏறும், கொஞ்சம் தடுமாறும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலை நிற்கவே தாங்கல் வேண்டும். எந்தக் குழந்தை எந்த அளவுக்கு எழும் என்பது ஐந்து வயதுக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. அதைப் பெற்றோரை உட்காரவைத்துப் பக்குவமாகச் சொல்ல அரைமணி நேரமாவது ஆகும். நம் வெளிநோயாளர் பிரிவில் ஒரு சீட்டுக்கு இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் உண்மையைச் சொல்ல முடியாது. "பிசியோ குடுத்துட்டே இருங்க, பாக்கலாம்" என்று மட்டும் சொல்லலாம்.

அந்தப் "பாக்கலாம்" என்ற சொல்லுக்குள்தான் வியாபாரிகள் கடை விரிக்கிறார்கள். எலும்பு மஜ்ஜையை உறிஞ்சி முதுகுத்தண்டில் ஊசியாகப் போட்டால் மூளை முளைக்கும் என்று ஒருவர். ஸ்டெம் செல்லை நோயாளிக்குச் செலுத்துவது, ரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சிலவற்றைத் தவிர, அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வழிகாட்டு நெறிமுறை போட்டது. நெறிமுறை நெறிமுறையாக இருக்கிறது. கடை கடையாக இருக்கிறது. இன்னொருவர் குழந்தையை உருளைப் பெட்டிக்குள் வைத்து அழுத்த ஆக்சிஜன் ஏற்றுகிறார். கனடாவில் 111 குழந்தைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு அழுத்த ஆக்சிஜனும் மறு கூட்டத்துக்கு லேசாக அழுத்திய சாதாரணக் காற்றும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே அளவுதான் முன்னேறியது. 2001-இல் லான்செட் இதழில் வந்த செய்தி. காற்றைத்தான் விற்கிறார்கள் என்பது தெரிந்து இவ்வளவு காலமாகியும் காற்றின் விலை மட்டும் இறங்கவில்லை.

அவர்களின் விளம்பர நோட்டீஸில் 'நாற்பது சதவீத முன்னேற்றம்' என்று போட்டிருக்கும். எதில் நாற்பது என்று போட்டிருக்காது. நாலு வயதில் வந்த குழந்தை ஐந்து வயதில் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிப் படுக்கும். அது குழந்தை வளர்ந்த கணக்கு, உங்கள் ஊசியின் கணக்கல்ல, அயோக்கியர்களே. அரை ஏக்கர் நிலத்தை விற்றுவிட்டு வந்த அப்பனிடம் "லேட்டா வந்துட்டீங்க சார், இன்னும் ரெண்டு சிட்டிங் போட்டுப் பாப்போம்" என்று சொல்லும்போது உங்கள் நாக்கு எப்படி இறுகாமல் இருக்கிறது?

ஊசி வியாபாரியைத் திட்டுவது சுலபம். பிசியோ அறைக்குள்ளும் ஒரு பழக்கம் இருக்கிறது. குழந்தையை மேசையில் கிடத்தி, காலை மடக்கி, நீட்டி, இழுத்து, பத்து நிமிடம். குழந்தை வீறிடும். "அழுதாத்தாம்மா வேலை செய்யுதுன்னு அர்த்தம்." அடுத்த டோக்கன். ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர் உலகத்தில் வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, ஒவ்வொரு சிகிச்சைக்கும் சிக்னல் விளக்கைப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்தார்கள். 2013-இல் ஒரு முறை, 2020-இல் மறுபடியும். கையால் இழுத்துவிடுவதற்குப் பச்சை கிடைக்கவில்லை. குழந்தை தானே முயன்று, தனக்குத் தேவையான ஒரு வேலையை, தான் வாழும் இடத்திலேயே, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிக்குத்தான் பச்சை கிடைத்தது. அடுத்தவர் காலை அசைத்தால் அசைப்பவருக்குத்தான் பயிற்சி. அம்மாக்களிடம் கேட்டிருந்தால் ஆய்வுச் செலவு மிச்சமாகியிருக்கும்.

நல்ல பிசியோக்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேசையைத் தேட மாட்டார்கள். தரையில் குழந்தைக்கு எதிரே சப்பணமிட்டு உட்காருவார்கள். ஒரு கை மட்டும் வராத பெண் குழந்தை. நல்ல கையை ஒரு துணி உறைக்குள் கட்டிப் போட்டுவிட்டு, சோம்பேறிக் கையிடம் ஒரு பல்லாங்குழியும் புளியங்கொட்டையும். ஒரு கொட்டையை எடுக்க அந்த விரல்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் நமக்கு மூச்சு முட்டும், அவளோ விளையாடிக்கொண்டிருப்பாள். இன்னொரு வீட்டில் பையனுக்கு உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல், முன்னால் ஜன்னல் கம்பி, கம்பிக்கு மேலே தட்டில் அப்பளம். எழுந்து நின்றால் ஒரு துண்டு. உட்கார்ந்து மறுபடி எழுந்தால் இன்னொரு துண்டு. தொடைக்கு வேலை, முதுகுக்கு வேலை, வாய்க்கும் வேலை. இதற்கு என்ன செலவு? அப்பளம். அதோடு வீடு தேடி வந்து, தரையில் உட்கார்ந்து, அந்தக் குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்று விசாரிக்கிற ஒரு ஆள்.

அந்த ஆள்தான் இல்லை. ஓர் ஒன்றியத்துப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஓரிருவர். வட்டார வள மையத்தில் வாரத்துக்கு ஒரு நாள் வருவார்கள். மீதி நாளில் வேறு ஊர். தொகுப்பூதியம், ஒப்பந்தம், பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் அவ்வப்போது போராட்டம், போலீஸ் வேன், கல்யாண மண்டபம், சாயங்காலம் விடுதலை. அந்த ஊதியமும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து வர வேண்டும். 2024-25-ஆம் ஆண்டுக்கு அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. மும்மொழியை வலியுறுத்தும் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கிற பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்றார்கள். யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, அதை வேறொரு நாள் எழுதலாம். ஆனால் இரண்டு மொழியா மூன்று மொழியா என்று தலைநகரங்கள் மல்லுக்கட்டிய மூட்டைக்குள், வாயால் ஒரு மொழியும் பேச முடியாத குழந்தையின் கால் பயிற்சிப் பணமும் கிடந்தது என்பதை டெல்லியில் யாராவது நினைத்துப் பார்த்தார்களா?

முடியாத காரியம் ஒன்றுமில்லை. கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். அங்கே கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, தெரபிஸ்டின் மேற்பார்வையில் வீடு வீடாக அனுப்புகிறார்கள். சென்னையில் வித்யாசாகர் என்ற அமைப்பு 1985 முதல் நடக்கிறது. இவற்றைப் பற்றி அதிகாரிகளிடம் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். "ஆமாமா, அவங்க ரொம்ப நல்லாப் பண்றாங்க. அங்க போகச் சொல்லுங்களேன்." ஊருக்கு ஊர் நடக்க வேண்டிய வேலையை ஒருவர் செய்துகாட்டினால், அவர் முகவரியைக் கொடுத்து அனுப்புவதுதான் நம் நிர்வாகம்.

பொதுஜனத்தையும் விடுவதற்கில்லை. 2019-இல் சி.பி. உள்ள பெண்ணின் கதையான 'பேரன்பு' படம் வந்தபோது தியேட்டரில் கைக்குட்டை நனைய அழுதோம். படம் முடிந்து வீட்டுக்கு வந்து, அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் வாசலில் சாய்தளம் போட எதிர்த்து வாக்களித்தோம். வாஸ்து இடிக்கிறதாம், பைக் நிறுத்த இடம் போகிறதாம். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் குழைவார்: "எங்களுக்கு ஆட்சேபனை இல்லைம்மா, மத்த பேரன்ட்ஸ்..." ஆறு வயது முதல் பதினெட்டு வரை அக்கம்பக்கத்துப் பள்ளியில் இலவசக் கல்வி என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. மத்த பேரன்ட்ஸ் அந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் வருகிறார்கள் என்று தேடிப் பார்த்தேன், காணோம்.

அட்டைக் கதை தனி. மூளைக் காயம் ஆறாது என்று மருத்துவம் சொல்கிறது. அரசாங்கம் மட்டும் நம்பிக்கை இழக்காமல் குழந்தைகளுக்குத் தற்காலிகச் சான்றிதழ் தருகிறது. சில வருடம் கழித்து மறுபடி தூக்கிக்கொண்டு போ, குணமாகவில்லை என்று நிரூபி. 2024-இல் விதியைத் திருத்தி அட்டைக்கு நிறம் வைத்தார்கள். 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 80-க்குக் கீழே மஞ்சள், அதற்கு மேல் நீலம். நிறத்துக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டில் கடும் பாதிப்பு என்று ஒப்புக்கொண்டால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. நாளுக்கு 66 ரூபாய் சில்லறை. பிசியோவுக்குப் போக ஆட்டோ பிடித்தால் அந்த 66, தெருமுனை தாண்டாது.

பதினெட்டு வயதானால் எல்லாம் தீர்ந்துவிடும். பள்ளிக்கூடம் வாழ்த்தி அனுப்பிவிடும். குழந்தைகள் பிரிவில் "பெரியவனாயிட்டானே, அங்க போங்க" என்பார்கள். பெரியவர்கள் பிரிவில் "சி.பி.யா? இது குழந்தைங்க கேஸாச்சே" என்பார்கள். பதினெட்டு வருடம் தூக்கி வளர்த்தவள், வங்கிக் கணக்கு தொடங்கவும் சொத்தில் கையெழுத்துப் போடவும் தான்தான் அவனுக்குப் பாதுகாவலர் என்று 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்டக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், சான்றிதழ் ஜெராக்ஸ், போட்டோ. எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு எழுத்தர் நிமிர்ந்தார்.

"பையன் எங்கம்மா?"

"கீழ ஆட்டோவுல படுத்திருக்கான் சார். இங்க லிஃப்ட் இல்லையே. நீங்க ஒரு எட்டு இறங்கி வந்து பாத்துடுறீங்களா?"

எழுத்தர் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். முட்டியைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு மூட்டு வலிம்மா. படி ஏறி இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க தூக்கிட்டு வந்துடுங்க."